பூனை வளர்க்கும் வீட்டில் டாக்ஸோபிளாஸ்மா: புரிந்துகொள்ளவும் தடுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெண் கருவுற்ற செய்தி வீட்டுக்குத் தெரிந்ததும், அதுவரை உரிமையோடு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த பூனைக்குத்தான் முதல் ஆபத்து வருகிறது. "பூனை முடி உள்ளே போனால் குழந்தைக்கு ஆகாது, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு" என்று பெரியவர்கள் யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பூனையிலிருந்து கர்ப்பிணிக்கு வந்து, கருவையும் பாதிக்கக்கூடிய ஒரு தொற்று உண்மையிலேயே இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்பது அதன் பெயர். ஆனால் அது முடி வழியாக வருவதில்லை, பூனை மடியில் படுப்பதாலும் வருவதில்லை. அது வரும் வழியைத் தெரிந்துகொண்டால் பூனையும் வீட்டில் இருக்கலாம், குழந்தையும் பத்திரமாக இருக்கும். தெரிந்துகொள்ளாமல் பூனையை மட்டும் துரத்தினால், ஆபத்தின் பெரும்பங்கு அடுப்படியிலேயே தங்கிவிடும்.

இது பொதுவான தகவல். கர்ப்பமாக இருப்பவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தங்கள் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். பேசும்போது என்ன கேட்க வேண்டும் என்பதும் கீழே இருக்கிறது.

முதலில் கிருமியைத் தெரிந்துகொள்வோம்

இதற்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா கோண்டியை என்ற ஒட்டுண்ணி. பாக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல, ஒரே செல்லால் ஆன உயிர். 1908-இல் துனிசில் ஒரு கொறிவிலங்கின் உடலிலும், அதே ஆண்டு பிரேசிலில் ஒரு முயலின் உடலிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பூனைக்கு இதில் என்ன பங்கு என்பது தெளிவாக 1970 வரை ஆனது.

ஆடு, பன்றி, கோழி, எலி, பறவை, மனிதர் என்று வெப்ப இரத்த உயிர்கள் எல்லாவற்றிலும் இந்த ஒட்டுண்ணி வாழும். ஆனால் முட்டை போன்ற கூடுகளை உருவாக்கி வெளியே அனுப்புவது பூனை இனத்தின் குடலில் மட்டும்தான் நடக்கும். இந்தக் கூடுகளுக்கு ஊசிஸ்ட் என்று பெயர். மற்ற உயிர்களில் அது தசைக்குள்ளும் மூளைக்குள்ளும் சிறு கட்டிகளாக அடங்கிக் கிடக்கும். ஆக, நமக்கு அது இரண்டு உருவத்தில் வந்து சேரலாம்: பூனையின் மலத்திலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் போன ஊசிஸ்ட்டாக வரலாம், இல்லையென்றால் சரியாக வேகாத இறைச்சிக்குள் இருக்கும் கட்டியாக வரலாம்.

எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்பதால்தான் பூனைக்கு இது பெரும்பாலும் தொற்றுகிறது. தொற்றிய சில நாட்களில் அதன் மலத்தில் ஊசிஸ்ட்டுகள் வர ஆரம்பிக்கும். ஒன்று முதல் மூன்று வாரம் வரை லட்சக்கணக்கில் வரும், அப்புறம் நின்றுவிடும். அதற்குள் பூனையின் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிடுவதால், பெரும்பாலான பூனைகள் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இப்படிக் கழிக்கின்றன. அந்த வாரங்களில் பூனை நன்றாகச் சாப்பிடும், விளையாடும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மலத்தில் வெளியே வரும் ஊசிஸ்ட் அந்த நிமிடமே தொற்றக்கூடியது அல்ல. காற்றும் ஈரமும் பட்டு, உள்ளே வளர்ந்து, தொற்றும் திறன் பெற அதற்கு 1 முதல் 5 நாட்கள் தேவை. அதாவது இன்று காலையில் பூனை கழித்ததை இன்றே அள்ளிப் போட்டுவிட்டால், அதில் கிருமி இருந்தாலும் அதனால் உங்களுக்குத் தொற்ற நேரமில்லை. இந்த ஒரு நாள் இடைவெளிதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம். பூனை கழிக்கும் மணல் பெட்டியை (லிட்டர் பாக்ஸ்) மூன்று நாள் அள்ளாமல் விட்டால் அந்த இடைவெளி போய்விடுகிறது. அப்படி முதிர்ந்த ஊசிஸ்ட் ஈரமான மண்ணில் மாதக்கணக்கில், சமயத்தில் ஒரு வருடத்துக்கு மேலும்கூட உயிரோடு இருக்கும்.

பூனை முடியால் ஏன் பயமில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அதன் ரோமத்தில் மலம் ஒட்டி, ஒரு நாளுக்கு மேல் ஈரத்தோடு அப்படியே இருப்பது அரிது. தடவலாம், கொஞ்சலாம். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டால் போதும்.

அப்படியானால் மனிதருக்கு எப்படித்தான் வருகிறது?

வாய் வழியாக வருகிறது. வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, மண் ஒட்டிய விரல், சுத்திகரிக்காத தண்ணீர், காய்ச்சாத ஆட்டுப்பால் ஆகியவைதான் முக்கிய வழிகள். கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து கருவுக்குப் போகலாம். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை வழியாக வருவது மிக அரிது.

ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதம் வரை சரியாக வேகாத இறைச்சியோடும், 6 முதல் 17 சதவீதம் வரை மண்ணோடும் தொடர்புடையவை என்று கணக்கிட்டது. பூனையோடு பழகுவது தனியொரு காரணமாக அதில் தென்படவில்லை. 1995-இல் கனடாவின் விக்டோரியா நகரில் குழாய்த் தண்ணீர் வழியாகவே பலருக்குப் பரவியது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் பூனை வளர்த்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

யாருக்கு உண்மையில் ஆபத்து?

உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தத் தொற்று வாழ்நாளில் எப்போதோ வந்திருக்கும் என்பது மதிப்பீடு. பெரும்பாலானவர்களுக்கு வந்ததே தெரிந்திருக்காது. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டும், உடம்பு வலிக்கும், லேசான காய்ச்சலும் சோர்வும் சில வாரம் நீடிக்கும், தானாகச் சரியாகிவிடும். ஆரோக்கியமாக இருப்பவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பார்வை மங்குதல், கண்வலி, வெளிச்சத்தில் கூச்சம், கண் முன்னே புள்ளிகள் மிதப்பது போன்றவை வந்தால் கண் மருத்துவரிடம் உடனே போக வேண்டும், ஏனென்றால் இந்த ஒட்டுண்ணி விழித்திரையைப் பாதிக்கக்கூடும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் கேள்வி ஒன்றுதான்: தொற்று எப்போது வந்தது? கருவுறுவதற்கு வெகுகாலம் முன்பே வந்து போயிருந்தால் உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கும், அதுவே பொதுவாகக் குழந்தையையும் காக்கும். வாழ்வில் முதன்முறையாகக் கர்ப்ப காலத்திலேயே வந்தால்தான் கவலை. ஆரம்ப மாதங்களில் வந்தால் அது கருவுக்குக் கடக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் கடந்துவிட்டால் பாதிப்பு கடுமையாக இருக்கும்: கருச்சிதைவு, மூளையில் நீர் கோர்த்தல், மூளையில் சுண்ணாம்புப் படிவுகள், கண் பாதிப்பு. கடைசி மாதங்களில் வந்தால் கடக்கும் வாய்ப்பு அதிகம், பாதிப்பு பெரும்பாலும் லேசாக இருக்கும். அப்படிப் பிறக்கும் குழந்தை பார்ப்பதற்கு முழு ஆரோக்கியமாக இருந்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்துக் கண்ணில் பிரச்சினை தெரியவரலாம்.

எச்ஐவி தொற்று முற்றியவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பழைய தொற்றே மறுபடி விழித்துக்கொண்டு மூளையைத் தாக்கலாம். அதனால் பூனையைத் தள்ளி வைப்பது மட்டும் அவர்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் தடுப்பு மருந்து எடுப்பதுதான் முக்கியம். எச்ஐவி உள்ளவர்களுக்கு சிடி4 (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) எண்ணிக்கை 100-க்குக் கீழே போய், டாக்ஸோபிளாஸ்மா எதிர்ப்பொருளும் இருந்தால் மருத்துவர்கள் அந்தத் தடுப்பு மருந்தைத் தருவார்கள்.

படி 1: நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

குழந்தைக்குத் திட்டமிடும் போதே ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பார்க்க வேண்டியவை இரண்டு வகை எதிர்ப்பொருள்கள்: நீண்ட காலம் தங்கும் ஐஜிஜி, தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐஜிஎம்.

இரண்டும் நெகட்டிவ் என்றால் இதுவரை தொற்று வந்ததில்லை, உடலில் பாதுகாப்பும் இல்லை. கீழே வரும் படிகள் எல்லாம் முதலில் உங்களுக்குத்தான். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் அது பழைய தொற்று. எதிர்ப்புச் சக்தி குறைவில்லாதவருக்கு இது நல்ல செய்தி, பாசிட்டிவ் என்ற வார்த்தையைப் பார்த்து அழ வேண்டியதில்லை.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால்தான் பல வீடுகளில் பதற்றம் தொடங்குகிறது. ஆனால் ஐஜிஎம் தொற்று வந்த பல மாதங்களுக்கு, சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும்கூட, இரத்தத்தில் இருக்கும். தொற்றே இல்லாமல் தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அந்த ஒரே தாளை வைத்து எந்தப் பெரிய முடிவும் எடுக்கக் கூடாது. கருவைப் பற்றிய முடிவு என்றால் நிச்சயமாகக் கூடாது. அனுபவமுள்ள ஆய்வகத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கூடவே "ஐஜிஜி அவிடிட்டி பார்க்கலாமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐஜிஜி கிருமியோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதுதான் அவிடிட்டி. அவிடிட்டி அதிகமாக இருந்தால் தொற்று ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு முன்பே வந்தது என்று பொருள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அப்படி ஒரு முடிவு வந்தால், தொற்று கருவுறுவதற்கு முன்பே வந்துவிட்டது என்று தெரிந்து நிம்மதி அடையலாம். அவிடிட்டி குறைவாக இருந்தால் மட்டும் அதை வைத்துப் புதிய தொற்று என்று முடிவு கட்டிவிட முடியாது.

அண்மையில்தான் தொற்று வந்தது என்று உறுதியானால், 6 மாதம் காத்திருந்து கருத்தரிக்கச் சொல்வது வழக்கம்.

பூனைக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பார்த்துப் பெரிய பயனில்லை. எதிர்ப்பொருள் உள்ள பூனை, ஊசிஸ்ட் கழிக்கும் கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டிவிட்டது, அதனால் அதுதான் கூடுதல் பாதுகாப்பான பூனை. எதிர்ப்பொருள் இல்லாத பூனைக்கு நாளைக்கே தொற்றலாம். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை மாறப்போவதில்லை.

படி 2: லிட்டர் பாக்ஸை ஒவ்வொரு நாளும் அள்ளுங்கள்

கர்ப்பிணி இதைச் செய்ய வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரும் வேண்டாம். வீட்டில் வேறொருவர் இந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் "நேரம் கிடைக்கும்போது" என்று இல்லாமல், தினமும் ஒரே நேரத்தில்.

அள்ளும்போது கரண்டியை மேலாக ஓட்டிவிட்டு முடித்துவிடக் கூடாது. பூனை மலத்தை மணலுக்கு அடியில் புதைக்கும். சிறுநீர் பட்ட கட்டி கண்ணுக்குத் தெரியும், அதற்குக் கீழே பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துண்டு தெரியாது. நேற்றையது, முந்தாநாளையது என்று தவறிப்போவது அந்தத் துண்டுதான். கரண்டியை அடிவரை விட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வரிசையாகத் தூக்கி, நான்கு மூலைகளையும் சுரண்டிப் பாருங்கள். மணலை அலசி எறியாமல் மெதுவாகச் செய்தால் தூசி எழாது. அள்ளியதைப் பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேருங்கள். கழிப்பறையில் கொட்டி ஃபிளஷ் செய்ய வேண்டாம். கழிவுநீரோடு போகும் ஊசிஸ்ட்டுகள் ஆற்றையும் கடலையும் சேர்கின்றன. கலிபோர்னியாக் கடற்கரையில் கடல் நீர்நாய்கள் இந்தத் தொற்றால் இறந்திருக்கின்றன.

பெட்டியைக் கழுவுவதற்குப் பிளீச்சிங் திரவத்தை நம்பாதீர்கள். ஊசிஸ்ட்டின் ஓடு கெட்டியானது, வீட்டில் இருக்கும் கிருமிநாசினிகள் பெரும்பாலானவற்றைத் தாங்கிவிடும். வெப்பத்தை மட்டும் அதனால் தாங்க முடியாது. பெட்டியைக் காலி செய்து, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் விட்டு, அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கரண்டிக்கும் அப்படியே.

வேறு ஆளே இல்லாமல் கர்ப்பிணியே செய்ய வேண்டி வந்தால், தூக்கிப் போடும் கையுறை போட்டுக்கொண்டு தினமும் அள்ளி, உடனே கையைச் சோப்பால் கழுவ வேண்டும். இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பி வந்தால், அந்தப் பெட்டியில் இருப்பதெல்லாம் முதிர்ந்தது என்றே எடுத்துக்கொண்டு, வேறு யாரையாவது வரச்சொல்லி மணலை முழுவதும் மாற்றிவிடுங்கள். பெட்டியைச் சமையலறையிலும் சாப்பிடும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

படி 3: பூனைக்கே தொற்றாமல் பாருங்கள்

பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். கடையில் வரும் உலர் உணவோ டின் உணவோ, நன்றாக வேகவைத்த இறைச்சியோ போதும். இயற்கையான உணவு என்று சொல்லிப் பச்சையாகக் கொடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே வளருங்கள். வெளியே போகாத, வேட்டையாடாத, வெந்ததையே தின்னும் பூனையிடமிருந்து இந்தத் தொற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு. வெளியே சுற்றிப் பழகிய பூனையை ஒரே நாளில் அடைத்து வைக்க முடியாது, ஆனால் கர்ப்ப மாதங்களுக்காவது படிப்படியாகப் பழக்கலாம். வீட்டுக்குள் எலி வராமல் ஓட்டைகளை அடைப்பதும் இதில் சேரும். இந்த ஒட்டுண்ணி தொற்றிய எலிக்குப் பூனை வாசனையிடம் உள்ள பயமே குறைந்துபோவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; அப்படிப்பட்ட எலி பூனையிடம் எளிதாகச் சிக்கும்.

கர்ப்பமாக இருக்கும்போது புதிய பூனைக்குட்டியைக் கொண்டுவர வேண்டாம், தெருப் பூனையைத் தூக்க வேண்டாம். ஊசிஸ்ட் கழிக்கும் வாய்ப்பு குட்டிகளுக்குத்தான் அதிகம், ஏனென்றால் முதல் வேட்டையும் முதல் தொற்றும் அந்த வயதில்தான் வருகின்றன.

படி 4: அடுப்படியைக் கவனியுங்கள்

பூனை இல்லாத வீட்டுக்கும் இந்தப் படி பொருந்தும்.

இறைச்சியை உள்வரை வேகவையுங்கள். வெப்பமானி இருந்தால் துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள்: முழுத் துண்டு இறைச்சிக்கு 63 டிகிரி செல்சியஸ், அதற்குப்பின் 3 நிமிடம் அப்படியே விட வேண்டும், கொத்திய இறைச்சிக்கு 71, கோழிக்கு 74. வெப்பமானி இல்லையென்றால் நடுவில் பிட்டுப் பார்த்து, இளஞ்சிவப்பு நிறம் துளியும் இல்லாத வரை வேகவிடுங்கள். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது, பச்சை இறைச்சியை அதில் வேகவைப்பதை நம்பக் கூடாது. உப்புக்கண்டம் போடுவதையும் புகை போடுவதையும் நம்பி வேகாமல் தின்ன வேண்டாம். மைனஸ் 18 டிகிரியில் பல நாள் உறைய வைத்தால் ஆபத்து நன்றாகக் குறையும், ஆனால் அது வேகவைப்பதற்கு மாற்று அல்ல.

சமைப்பவரிடம் இருக்கும் ஒரு பழக்கம்: உப்பு பார்ப்பதற்காகப் பாதி வெந்ததை நாக்கில் வைப்பது. கர்ப்பிணி அதை விட்டுவிட வேண்டும். இன்னொன்று, இறைச்சி வெட்டிய பலகையைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டு, அதிலேயே பச்சையாகத் தின்னும் காயை நறுக்குவது. இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி பட்ட கையோடு திருகிய குழாய்ப்பிடியையும் மறக்காமல் சோப்பால் துடையுங்கள். கையைக் கழுவிவிட்டு அதே பிடியை மறுபடி தொட்டால் கழுவியது வீண்.

கீரையையும் காயையும் பழத்தையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள், பச்சையாகத் தின்பதாக இருந்தால் தோலைச் சீவிவிடுங்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள். சந்தேகமான தண்ணீரைக் கொதிக்கவையுங்கள், குளோரின் இந்தக் கிருமியைக் கொல்லாது.

படி 5: மண்ணும் கையும்

தோட்ட வேலை செய்யும்போது கையுறை போடுங்கள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு உங்கள் செடித்தொட்டி கழிப்பிடமாக இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. குழந்தைகள் விளையாடும் மணலை, விளையாடாத நேரத்தில் மூடி வையுங்கள்.

கையைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள், நகக்கண்களையும் சேர்த்து. சானிடைசர் இங்கே உதவாது. ஊசிஸ்ட் அதற்குச் சாகாது, தேய்த்து அடித்துக்கொண்டு போக வைத்தால்தான் போகும்.

படி 6: தொற்று உறுதியானால்

கர்ப்பிணிக்குப் புதிய தொற்று என்று உறுதியானால் காத்திருக்கக் கூடாது, சிகிச்சை இருக்கிறது. ஆரம்ப மாதங்களில், தாயிடமிருந்து கருவுக்குக் கடப்பதைக் குறைக்கும் நோக்கில் ஸ்பைராமைசின் தருவார்கள். 18-ஆவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்து, கருவுக்குத் தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொற்றியிருந்தால் பைரிமெத்தமின், சல்ஃபாடையசின், ஃபோலினிக் அமிலம் மூன்றையும் சேர்த்துத் தருவது வழக்கம். முதல் மூன்று மாதங்களில் பைரிமெத்தமின் கூடாது, இவற்றில் எதையும் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது. இடையிடையே ஸ்கேன் செய்து குழந்தையின் தலையைக் கவனிப்பார்கள்.

கீறல், கடி பற்றி ஒரு வார்த்தை

டாக்ஸோபிளாஸ்மா கீறலால் வருவதில்லை. கீறலால் வருவது வேறு: பார்டொனெல்லா என்ற பாக்டீரியா. பூனைகளிடையே தெள்ளுப்பூச்சி அதைப் பரப்புகிறது. கீறல் பட்ட இடத்தில் கொப்புளமும், சில நாட்களோ வாரங்களோ கழித்து அக்குளிலோ கழுத்திலோ நெறியும் வந்தால் மருத்துவரிடம் கீறலைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறெதையோ தேட நேரும். பூனை கடித்தாலோ ஆழமாகக் கீறினாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதில் தாமதிக்கக் கூடாது.

குழந்தை பிறந்த பிறகு

தாய்க்குக் கர்ப்ப காலத்தில் தொற்று வந்திருந்தால், குழந்தைக்கு இரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் தலை ஸ்கேனும் செய்ய வேண்டும். முதல் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. விழித்திரைத் தழும்பு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம், அதனால் கண் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து காட்டுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது இந்த மருத்துவப் பின்னணியை எழுதிக் கொடுத்துவிட்டால், குழந்தை எழுத்துகளை உற்றுப் பார்ப்பதையோ கண்ணைச் சுருக்குவதையோ ஆசிரியர் முதலில் கவனித்துச் சொல்லிவிடுவார்.

தாய்ப்பால் வழியாகத் தொற்று பரவியதாக ஆதாரம் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம். லிட்டர் பாக்ஸை மட்டும் தவழும் குழந்தையின் கை எட்டாத அறைக்கு மாற்றி, அந்த அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். பூனை போய்வரச் சிறு திறப்பு போதும்.